தேக்கு கலைக்க எந்த செயின்சா? ஒரு பழைய லைன்மேனின் கணக்கு

கஜா புயல் அடிக்கும் முன்பு எங்கள் கீரமங்கலம் பக்கம் செயின்சா என்றால் மரம் வெட்டுகிற கான்ட்ராக்டரிடம் இருக்கும், வேறு ஆள் கையில் பார்ப்பது அபூர்வம். 2018 நவம்பர் 16 விடிந்தபோது தென்னையெல்லாம் படுத்துக் கிடந்தது. அதற்கப்புறம் தெருவுக்குத் தெரு மிஷின் வந்துவிட்டது. நான் அப்போது மின்வாரியத்தில் லைன்மேன். கம்பி மேல் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிய அந்த நாட்களில் கையில் இருந்தது 58 சிசி மிஷின், 22 இஞ்ச் பார் (செயின் சுற்றுகிற நீளத் தகடு). படுத்த தென்னைக்கு அதுதான் சரி. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்றைக்கும் கடையில் போய் ‘செயின்சா வேணும்’ என்றால் முதலில் மேஜையில் எடுத்து வைப்பது அந்த அளவு மிஷினைத்தான்.

தோப்பு கலைக்கிறவருக்கு, அதாவது நெருக்கமாக நிற்கிற மரங்களில் சிலதை இடையிடையே வெட்டி எடுக்கிறவருக்கு, அது வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தென்னை போன இடத்தில் பலரையும் போல நானும் தேக்கு வைத்தேன், வரப்போரம் கொஞ்சம் மகோகனி, மலைவேம்பு. தேக்கு ஆறடிக்கு ஆறடி. நெருக்கமாக வைத்தால்தான் பக்கக் கிளை விடாமல் நேராக மேலே போகும். ஆனால் தலையும் தலையும் முட்டிக்கொண்ட பிறகும் அப்படியே விட்டால் எல்லாமே ஒல்லிக்குச்சியாக நின்றுவிடும். அதனால் ஒன்று விட்டு ஒன்று, வளைந்தது, கவட்டை விட்டது, நோஞ்சான் என்று பார்த்துச் சுண்ணாம்பில் கோடு போட்டு எடுக்க வேண்டும். எடுக்கிற மரத்தின் சுற்றளவு பதினைந்து முதல் இருபது இஞ்ச், அதாவது குறுக்கே ஐந்து, ஆறு இஞ்ச். இதற்கு 22 இஞ்ச் பார் எதற்கு?

ஆள் வைத்து வெட்டலாமே என்பீர்கள். மிஷினோடு வருகிறவர் கூலி இரண்டு ஆள் கூலிக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை. அவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், எனக்கு நிற்கிற மரத்தில் பட்டை உரியக் கூடாது. இரண்டும் ஒத்துப் போவதில்லை. தோப்பு கலைப்பது ஒரே மூச்சில் முடிக்கிற வேலையும் இல்லை. காலையில் வெயில் ஏறும்வரை கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று போனால்தான் எதை வெட்டினோம், அடுத்து எதை விடலாம் என்று நின்று பார்க்க முடியும். அதற்கு மிஷின் வீட்டில் இருக்க வேண்டும்.

கடையில் எல்லோரும் சிசி கேட்கிறார்கள். நான் எடை கேட்டேன். எடை எவ்வளவு என்று பெட்டியில் போட்டிருப்பது வெறும் இன்ஜினுக்கு. பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் போட்ட பிறகு கையில் வருகிற எடைதான் நம் இடுப்புக்கும் தோளுக்கும் தெரியும். மச்சினன் தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். அவனுடைய எலக்ட்ரானிக் தராசில் இரவல் வாங்கிய 58 சிசி மிஷினை டேங்க் நிரப்பி வைத்தேன். எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் பிறகு வாங்கிய ஸ்டில் எம்எஸ் 170, 14 இஞ்ச் பாரோடு, இரண்டு டேங்கும் நிரப்பி, ஐந்து கிலோவும் கொஞ்சமும். வித்தியாசம் மூன்று கிலோவை ஒட்டி.

மூன்று கிலோதானே என்று தோன்றும். தோப்பு கலைக்கும்போது மிஷின் மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. ஆறு இஞ்ச் தேக்கு அரை நிமிஷத்துக்குள் கீழே வந்துவிடும். மீதி நேரம் முழுக்க மிஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோட்டுக்கு நடப்பது, முழங்கால் மடக்கித் தூரில் வைப்பது, எழுந்து கிளை கழிப்பது, மறுபடி குனிவது. தென்னை அறுக்கிறவர் மிஷினை மரத்தின் மேலேயே சாய்த்து வைத்துக்கொள்வார், எடையை மரம் தாங்கும். இங்கே எடை முழுக்க நம் கை தாங்க வேண்டும். அறுபது தாண்டிய எனக்கு மட்டும் சொல்லவில்லை. மச்சினன் மகன் இருபத்தைந்து வயசுப் பையன், பெரிய மிஷினை வைத்துக் கிளை கழித்துவிட்டு, ‘மாமா, சோறு அள்ள கை வரமாட்டேங்குது’ என்றான்.

நீளப் பாரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பாரின் நுனியில் மேல் பாதி எதிலாவது இடித்தால் மிஷின் அப்படியே முகத்தைப் பார்த்து எகிறும். கிக்பேக் என்பது அதுதான். நெருக்கமான தோப்பில் அறுக்கிற மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை, ஒரு புதர், முந்தாநாள் தள்ளிய மரத்தின் கொம்பு என்று எதாவது இருந்துகொண்டே இருக்கும். ஆறு இஞ்ச் மரத்தில் 22 இஞ்ச் பாரை வைத்தால் ஒரு அடிக்கு மேல் பார் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நுனி எங்கே படுகிறது என்று நமக்குத் தெரியாது. 14 இஞ்ச் தாராளம், 12 கிடைத்தால் அதுவும் போதும்.

இந்த எம்எஸ் 170 பற்றி. 30.1 சிசி, 1.2 கிலோவாட், நம் கணக்கில் ஒன்றரைக் குதிரைச் சக்திக்குச் சற்று மேல். இன்ஜின் மட்டும் நான்கு கிலோவை ஒட்டி. பெட்ரோல் டேங்க் கால் லிட்டர். பெரிய மிஷின் பழகியவர்கள் கையில் வாங்கியதும் ‘இது பொம்மைண்ணே’ என்பார்கள். சொல்லட்டும். தேக்கில் வைத்ததும் சத்தம் தணியாமல் வெண்ணிறச் செதில் பறக்க இறங்குகிறது. அடிப்பக்கம் பத்து இஞ்ச் தடித்த மலைவேம்பும் வெட்டினேன், அழுத்தாமல் அதன் போக்கில் விட்டால் போகிறது. விலை பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவில், கடைக்குக் கடை மாறும், பேரம் உண்டு.

குறை என்றால், செயின் டைட் வைக்க ஸ்பேனர் வேண்டும், கையால் திருகுகிற வசதி இந்த மாடலில் இல்லை. செயினுக்கு ஆயில் எவ்வளவு போக வேண்டும் என்று கூட்டிக் குறைக்கவும் திருகு கிடையாது. விலை குறைத்த இடங்கள் இவை. தோப்பு வேலைக்கு இரண்டும் பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் இதை வைத்துத் தென்னை அறுக்கலாம், வேப்பமரம் தள்ளலாம், விறகுக்கடைக்கு நாள் முழுக்க துண்டு போடலாம் என்று யாரும் வாங்க வேண்டாம். அதற்கான மிஷின் இது இல்லை.

இதே கம்பெனியில் எம்எஸ் 180 என்று அடுத்தது இருக்கிறது. 31.8 சிசி, எடை ஏறக்குறைய இதேதான், இழுவை கொஞ்சம் கூட. விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் அதையே எடுக்கலாம். எனக்கு வேண்டிய அன்றைக்குக் கடையில் 170தான் இருந்தது. ஹஸ்க்வர்னா 120 மார்க் 2 பார்த்தேன். 38.2 சிசி, பார் செயின் இல்லாமல் 4.85 கிலோ. இழுவை நல்ல இழுவை, கைப்பிடி பெரிய கைக்கு வாகாக இருக்கும். என் கணக்கில் அந்த முக்கால் கிலோ அதிகம். தோப்போடு வீட்டு விறகும் சேர்த்து அறுக்கிறவர் என்றால் அது பொருத்தம்.

ஆறாயிரம் ஏழாயிரத்துக்கு வருகிற பெயர் தெரியாத 58 சிசி மிஷின்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கஜா சமயத்தில் வந்து குவிந்தவை அவைதான், ஊரைத் திறந்துவிட்டதும் அவைதான், மறுக்கவில்லை. இப்போது அவற்றில் பாதி மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடக்கின்றன. கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் ஜவ்வு போனால் அதே அளவு ஜவ்வு எங்கே கிடைக்கும் என்று விற்றவருக்கும் தெரிவதில்லை. பெட்ரோல் ஸ்ப்ரேயர் சரிபண்ணுகிற மெக்கானிக் எதையாவது பொருத்தி ஓட்டிக் கொடுப்பார், அது அவர் கைராசி. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய மரம் அறுக்க ஒரு மிஷின் வேண்டும், பழுதானால் போகட்டும் என்று நினைப்பவர் வாங்கலாம். தோப்பு கலைக்க வாங்கினால் எடையும் பாரும் அதே பழைய பிரச்சினைதான்.

பேட்டரி செயின்சா விஷயத்தில் லைன்மேன் புத்தி சும்மா இருக்காது. ஆன்லைனில் 4 இஞ்ச், 6 இஞ்ச் என்று கையடக்க மிஷின் இரண்டு மூவாயிரத்துக்கு வருகிறது. பேட்டரி மேல் 48 வோல்ட், 88 வோல்ட் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஐந்து செல், செல்லுக்கு 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராகப் போட்டால் 18, முழு சார்ஜில் 21. மீட்டர் வைத்தால் அதுதான் காட்டுகிறது. 88 எங்கிருந்து வந்தது என்று ஸ்டிக்கர் அடித்தவரைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அந்தச் சின்ன மிஷின் வீணில்லை. கை பருமன் உள்ள பக்கக் கிளையை நின்ற நிலையில் கழிக்க அதைப்போல வசதி கிடையாது. தானாக ஆயில் விடாது, தையல் மிஷின் ஆயில் டப்பாவால் அவ்வப்போது சொட்டு விட வேண்டும். மரம் தள்ள அதை நம்பாதீர்கள். பெரிய கம்பெனிகளின் 36 வோல்ட் பேட்டரி செயின்சா நல்ல சாமான், சத்தம் குறைவு, புகை இல்லை. கூடுதல் பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தால் பெட்ரோல் மிஷின் விலையைத் தாண்டிவிடும். தோப்பில் ஏது பிளக்?

பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த மிஷின்களைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஸ்டில் புத்தகத்தில், கையால் டியூன் செய்கிற கார்புரேட்டருக்கு எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் ஆகாது என்று போட்டிருக்கிறான். வேறு பெட்ரோலுக்கு நாம் எங்கே போவது? எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரை ஊறவைக்கும். அதனால் நான் அரை லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. கலந்ததை வாரக்கணக்கில் கேனில் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் டேங்கில் மிச்சமிருப்பதை வெளியே ஊற்றிவிட்டு, மிஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே வைப்பது. மிச்சப் பெட்ரோல் பைக்குக்குப் போகும், அந்த அளவு ஆயில் அதை ஒன்றும் செய்யாது.

கலவை: கம்பெனி டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் ஒன்றுக்கு ஐம்பது, லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில் என்றால் ஒன்றுக்கு இருபத்தைந்து, லிட்டருக்கு 40 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் உறிஞ்சி விடுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும், அந்தச் செலவுக்குப் பாதி மிஷினே வாங்கலாம்.

செயினுக்கு விடுகிற ஆயில் தனி டேங்க். எங்கள் பக்கம் எல்லோரும் பைக்கில் வடித்த பழைய கறுப்பு ஆயிலை ஊற்றுகிறார்கள். அதில் இருக்கிற இரும்புப் பொடி ஆயில் பம்பையும் பாரையும் தேய்க்கும், போதாததற்கு அறுக்கும்போது நம் சட்டையிலும் மண்ணிலும்தான் தெறிக்கிறது. பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது இன்ஜின் ஆயிலே ஊற்றலாம். ஆயில் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, காய்ந்த தேக்கிலை ஒன்றைக் கீழே போட்டு, நுனியை அதற்கு ஒரு சாண் மேலே பிடித்து ஆக்ஸிலேட்டரைக் கொடுங்கள். இலையில் மெல்லிய கோடாக ஆயில் விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரின் அடித் துளையில் மரத்தூள் அடைத்திருக்கிறது, சைக்கிள் ஸ்போக் கம்பியால் எடுத்துவிடலாம்.

தேக்கில் சிலிக்கா உண்டு. மணல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மரத்தில் அரை நாள் தாங்குகிற கூர் தேக்கில் தாங்காது. என் வழக்கம், டேங்க் காலியாகும்போதெல்லாம் மிஷினை ஒரு கட்டையில் நிறுத்தி, 4 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் பல்லுக்கு இரண்டு இழுப்பு. பல்லின் மேலே 30 டிகிரிக்குக் கோடு இருக்கும், அரத்தை அதற்கு இணையாக வைத்து உள்ளிருந்து வெளியே தள்ளுவது மட்டும்தான், திரும்ப இழுக்கக் கூடாது. ஒரு பக்கப் பல்லுக்கு இரண்டென்றால் மறுபக்கத்துக்கும் இரண்டு. ஒரு பக்கம் கூடிவிட்டால் மிஷின் நேராக இறங்காமல் ஓரமாக வளைந்துகொண்டு போகும். கூர் இருக்கிறதா என்பதைத் தூளைப் பார்த்தே சொல்லலாம்: செதில் செதிலாக வந்தால் இருக்கிறது, மாவாக வந்தால் போய்விட்டது. மாவு வருகிறபோது அழுத்தி அறுக்கிறவர்கள்தான் ‘மிஷின்ல இழுவையே இல்ல’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். தூரில் மண் ஒட்டியிருந்தால் முதலில் அரிவாளால் சுரண்டிவிடுங்கள், மண்ணைத் தொட்ட ஒரு நொடியில் கூர் முழுக்கப் போய்விடும். தூரைத் தரையோடு தரையாக வெட்டுவதில் பெரிய லாபமும் இல்லை, தேக்கு எப்படியும் தூரிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும், அதைத் தனியாகக் கழித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வெட்டுகிற முறையைப் பற்றிப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். கலைக்கிற தோப்பில் மரம் தரையில் விழுவதைவிடப் பக்கத்து மரத்தின் தலையில் போய் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். அந்த நேரத்தில் தாங்கி நிற்கிற மரத்தை அறுக்கவே கூடாது. அடியில் போய் நின்றுகொண்டு துண்டு துண்டாகத் தூரை அறுத்து இறக்குவதும் வேண்டாம். மிஷினை நிறுத்தி ஓரமாக வைத்துவிட்டு, தூரில் வடம் கட்டித் தள்ளி நின்று இரண்டு பேர் பின்னால் இழுத்தால் சரிந்து வரும். அதனால்தான் தோப்புக்குத் தனியாகப் போகக் கூடாது. மின்கம்பிக்குக் கீழே, கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தைத் தொடவே வேண்டாம். மின்வாரிய செக்‌ஷன் ஆபீசில் சொல்லி எல்.சி. (லைன் கிளியர், லைனில் கரண்டை நிறுத்துவது) போட்ட பிறகுதான். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறியவன் சொல்கிறேன்.

தேக்கு என்பதால் இன்னொன்று. வெட்டின கழியை வண்டியில் ஏற்றி விற்கப் போகிறீர்கள் என்றால் வெட்டும் முன்பே விஏஓவையும் வனத்துறை அலுவலகத்தையும் பார்த்துவிடுங்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் ரோட்டில் மடக்கினால் பதில் சொல்ல முடியாது.

நான் வாங்கியது பட்டுக்கோட்டையில். அதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடையில், பெட்டியைக்கூடத் திறந்து காட்டாமல், ‘ஓடும் ஐயா, எடுத்துட்டுப் போங்க’ என்றார்கள். எடுக்கவில்லை. பட்டுக்கோட்டைக் கடையில் ஒரு பையன் தரையில் மிஷினை வைத்து, பின்பிடிக்குள் ஷூ முனையைக் கொடுத்து மிதித்துக்கொண்டு, செயின் பிரேக்கை முன்னால் தள்ளிவிட்டு, கயிறு இழுத்தான். முழு சோக்கில் ஒருமுறை டுப்பென்று இருமி நின்றது. லீவரை ஒரு படி மேலே ஏற்றி மறுபடி இழுத்தான், பிடித்துக்கொண்டது. ‘அந்த முதல் இருமல் கேட்டதும் சோக்கை ஏத்திரணும் ஐயா. கேக்காத மாதிரி இழுத்துக்கிட்டே இருந்தா பிளக் நனைஞ்சிரும், அப்புறம் நாள் முழுக்க இழுத்தாலும் வராது’ என்றான். ஓடும்போதே பிரேக்கைத் தள்ளி செயின் நிற்கிறதா என்றும் காட்டினான். இப்படிக் காட்டுகிற கடைக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். காட்டாத கடையில் நீங்களே கேளுங்கள்.

வாங்குகிற அன்றைக்கே கூடுதலாக ஒரு செயின், இரண்டு அரம், ஒரு ஸ்பார்க் பிளக் வாங்கிவிடுங்கள். செயின் வாங்கும்போது பாரில் அச்சடித்திருக்கிற எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். என் பாருக்கு 3/8 பிக்கோ ரகம், 1.1 மில்லிமீட்டர் கனம், 50 கண்ணி. நீளம் சரியாக இருந்தும் 1.3 மில்லிமீட்டர் செயினைக் கொடுத்துவிட்டால் பாரின் பள்ளத்துக்குள்ளேயே இறங்காது. காதை மூடுகிற மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு கெட்டி ஷூ கட்டாயம். இந்தச் சின்ன மிஷினும் காதருகே நூறு டெசிபலை ஒட்டித்தான் கத்துகிறது, பஞ்சு போதாது. செயின் பட்டால் நின்றுபோகிற கால்சட்டை கடையில் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், சொன்னால் வரவழைத்துத் தருவார்கள்.

அரை ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள் இதை வாங்காமல் வளைந்த கை ரம்பம் ஒன்றும் கூலிக்கு ஒரு ஆளும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு எம்எஸ் 170 அல்லது 180, 14 இஞ்ச் பார். பில்லில் மிஷின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், வாரண்டிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.